தொழில்: ராஞ்சி

1

அந்தமானுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மாயாபந்தரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தக் கணினி ஊழியராக இருக்கிறேன். வருகிறவர்களின் பெயரையும் வயதையும் முகவரியையும் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஊரிலிருந்து யார் கேட்டாலும் "கவர்மென்ட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல இருக்கேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக் கவுன்டரைச் சாத்தப் போகும் நேரத்தில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாயை எனக்குத் தெரியும். பெயர் சுக்மனி. சாலைப் பணியில் தினக்கூலி. பத்துக் கிலோமீட்டர் தள்ளி, காட்டை ஒட்டிய குடியிருப்பில் வீடு. தமிழ் வீடுகளிலும் வேலை செய்திருக்கிறார், அதனால் இந்தியில் ஆரம்பிக்கும் பேச்சைத் தமிழில் முடிப்பார். மகள் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். போர்ட் பிளேரில் நர்சிங் படிப்புக்கு அடுத்த புதன்கிழமை கவுன்சலிங். தீவுக்காரர் என்பதற்கான சான்றிதழ், இங்கே எல்லோரும் சொல்கிறபடி லோக்கல் சர்டிபிகேட், கையில் இருந்தால் அவளுக்கு இடம் நிச்சயம். இல்லாவிட்டால் இடம் இல்லை.

"தேக்கோ மேடம், பாரு, திருப்பி அனுப்பிட்டாங்க" என்று சுக்மனி விண்ணப்பத்தை நீட்டினார்.

மேலதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார்: குடும்பப் பதிவேட்டின்படி இக்குடும்பம் ராஞ்சியிலிருந்து வேலை தேடி வந்தது. உள்ளூர்ச் சான்று வழங்க இயலாது.

"மேடம், ராஞ்சியை நான் மேப்லதான் பார்த்திருக்கேன்" என்றாள் அனிதா. "அம்மாவும் பார்த்தது இல்லை. நாங்க மெயின்லேண்ட் கப்பல்லயே ஏறினது இல்லை."

அவள் அழவில்லை. விடைத்தாளில் கூட்டல் தப்பாக இருப்பதை ஆசிரியரிடம் பணிவாகக் காட்டும் மாணவியின் குரல் அது. எனக்கு அந்தப் பணிவைத்தான் தாங்க முடியவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். பூர்வீகம் என்ற கட்டம் காலியாக இருந்தது. இரண்டு கட்டம் தள்ளி, தொழில் என்ற கட்டத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ராஞ்சி என்று இருந்தது. அடுத்த வீட்டுக்கும் தொழில் ராஞ்சி. அதற்கு அடுத்த வீட்டுக்கும். அந்தக் குடியிருப்பின் முப்பத்துநான்கு வீடுகளுக்கும் ஒரே தொழில். மேலே இருக்கும் அதிகாரி கட்டத்தின் தலைப்பைப் பார்க்கவில்லை, ஊர்ப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அவரைச் சொல்லி என்ன ஆகிறது? ஊர்ப் பெயரைத் தொழில் என்று அடித்தவள் நான். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என் பயனர் எண் இருந்தது.

2

நான் யார் என்று சொன்னால்தான் இது எவ்வளவு கேவலம் என்பது உங்களுக்குப் புரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராமநாதபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் கருவேல மரம் வெட்டி, அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுகிறவர்கள். ஓர் ஊரில் மரம் தீர்ந்தால் அடுத்த ஊர். மழைக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் கதிர் அறுப்பு. தார்ப்பாயைச் சுருட்டுவதும் விரிப்பதும்தான் எங்கள் வீடு மாற்றம். பத்தாம் வகுப்புக்குள் ஐந்து பள்ளி மாறினேன்.

போன இடமெல்லாம் எங்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் "தெக்கத்தி ஆளுக." மூட்டம் போட்ட ஊரில் "கரிக்காரப் பயலுக." கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறவர்கள் "பொழைக்க வந்தவுக" என்பார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்கப் போய்ச் சண்டை வந்தால் "வந்தட்டி", "பஞ்சப் பரதேசி." பெண்களுக்கு என்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள்: "ஓடுகாலி." என் அம்மா தலையில் விறகுச் சுமையோடு, வயிற்றில் என் தம்பியோடு, பின்னால் என்னை இழுத்துக்கொண்டு நடந்தபோது டீக்கடையிலிருந்து ஒருவர் சொன்னார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

இந்தச் சொற்களை நான் பல வருடம் மனசுக்குள் அடுக்கிப் பார்த்திருக்கிறேன். கரிக்காரன் என்ற ஒன்றைத் தவிர எதிலும் நாங்கள் செய்த வேலை இல்லை. வந்தது இருக்கிறது, ஓடியது இருக்கிறது, திசை இருக்கிறது, பசி இருக்கிறது. கை என்ன செய்தது என்பதை யாரும் சொல்லில் வைக்கவில்லை. கால் நகர்ந்ததைத்தான் வைத்தார்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு விவரம் எடுத்தபோது பள்ளி எழுத்தர் அப்பாவின் தொழில் கேட்டார். மரம் வெட்டிக் கரி போடுகிறவர், அறுப்புக்கும் போவார் என்றேன். அவர் பேனாவை எடுத்து "நாடோடி" என்று எழுதினார். அது தொழில் இல்லை சார் என்றேன். போய் உட்காரு என்றார். நான் உட்காரவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, அடுத்த மணியும் அடித்து, அவர் பொறுக்க முடியாமல் அதை அடித்துவிட்டுக் "கூலித் தொழிலாளி" என்று எழுதும்வரை அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அப்படி நின்ற பெண்தான் முப்பத்துநான்கு வீடுகளுக்கு ராஞ்சி என்று அடித்தாள்.

3

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தத் தீவுகளில் காடு வெட்டவும் சாலை போடவும் ராஞ்சிப் பக்கத்து மலைக்குடிகளை ஆள் சேர்த்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆள் சேர்த்த இடம் ராஞ்சி, அதனால் வந்தவர்கள் எல்லோரும் ராஞ்சி. அவர்களுக்குள் யார் எந்தக் குடி, எந்த மொழி என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கப்பலில் வந்தவரும் ராஞ்சி, இங்கேயே பிறந்த அவர் பேத்தியும் ராஞ்சி. சுற்றுலா வந்து நீங்கள் காரில் போகும் சாலைக்குக் கல் உடைத்தவர்களில் அவர்கள் உண்டு. நாளடைவில் அந்தப் பெயரைக் கூலிக்கு எந்த ஆள் வந்தாலும் அவர் தலையில் மாட்டிவிடும் பழக்கமும் வந்துவிட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்தபோது எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை வராது. பேருந்திலும் கடையிலும் காதால் பொறுக்கினேன். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, "காஸ் படா ஹோ கயா, ஏக் ராஞ்சி புலா லோ" என்றார். புல் வளர்ந்துவிட்டது, ஒரு ராஞ்சியைக் கூப்பிட்டுக்கொள் என்று அர்த்தம். தேங்காய் பறிக்க ராஞ்சி, மூட்டை இறக்க ராஞ்சி. சரி, கூலி ஆளுக்கு இந்தியில் ராஞ்சி என்று பெயர் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். தமிழில் பேசும்போதும் அது வாயில் வந்தது. "ராஞ்சி வந்துச்சா, இன்னைக்கு வேலை இருக்கு" என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறேன். வந்தாரா என்றுகூட இல்லை, வந்துச்சா.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் குடியிருப்பின் கணக்கெடுப்புத் தாள்கள் வந்தன. தொழில் காலியாக இருந்தது. எடுத்து வந்தவரிடம், இவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல், "அரே, சப் ராஞ்சி லோக் ஹை" என்றார். எல்லாரும் ராஞ்சிக்காரர்கள் என்று அவர் சொன்னார். எல்லாரும் கூலி என்று எனக்குக் கேட்டது. முதல் வீட்டுக்கு அடித்தேன். மற்ற முப்பத்துமூன்றுக்கும் அடிக்கக்கூட இல்லை, பிரதி எடுத்து ஒட்டினேன். நேரம் மிச்சமானதில் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது வருடம்தான் ராஞ்சி என்பது ஊரின் பெயர், மனிதர்களின் பெயர் என்று தெரிந்தது. அன்று பதிவேடு ஞாபகத்துக்கு வந்தது. திருத்தவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பழகிப்போன வாயும் அந்தச் சொல்லை விடவில்லை. அறியாமல் செய்ததை மன்னிக்கலாம். அறிந்த பிறகு விட்டதை என்ன செய்வது?

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடு வீடியோவில் பேசினோம். அப்பா இன்னும் மரம் வெட்டுகிறார். தலையில் துண்டு, தோளில் கோடாரி, முகமெல்லாம் கரி. என் மகளுக்கு நாலு வயது. தாத்தா என்று சொல்லிக் கொடுத்தும் நானா என்றுதான் சொல்வாள். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மம்மி, நானா ராஞ்சி ஹை க்யா?" என்றாள். தாத்தா ராஞ்சியா என்று கேட்கிறாள்.

அப்பா சிரித்தார். "ஏத்தா, பேத்தி என்னமோ கேக்குது. எனக்கு வெளங்கலையே."

"நல்லா இருக்கீகளான்னு கேக்குதுப்பா."

"நல்லா இருக்கேன் தங்கம். நீ சாப்டியா?"

போனை வைத்த பிறகு, யார் சொல்லித் தந்தது என்று மகளைப் பிடித்து உலுக்கினேன். "தும் ஹி தோ போல்தீ ஹோ" என்றாள். நீதானே சொல்றே. என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "சோடோ, விடு, சின்னப் புள்ளை. இங்க எல்லாரும் சொல்றதுதானே" என்றார்.

எல்லாரும் சொல்றதுதானே. தஞ்சாவூரிலும் அதையே சொன்னார்கள். இதைப் படிக்கும் உங்கள் தெருவில் ஓட்டல் மேசை துடைக்கிறவரையும், மெட்ரோவுக்குக் குழி தோண்டுகிறவரையும் நீங்கள் என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? வடக்கன். அவர் எந்த ஊர், என்ன மொழி, கையில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்களா? தாய்மொழியில் என்னைக் குத்திய சொற்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருந்தேன். பிறமொழியில் ஒரு சொல்லைப் பொறுக்கி நான் குத்தியபோது அது கத்தி என்றே எனக்குத் தோன்றவில்லை.

4

விண்ணப்பம் திரும்பி வந்த அன்று மதியமே எங்கள் தலைமை எழுத்தரிடம் போனேன். படே பாபு என்பார்கள். தமிழர்தான், மூன்று தலைமுறையாகத் தீவில் இருக்கும் குடும்பம். கெட்டவர் இல்லை. ஓய்வு பெறும்வரை மேசையில் அலை அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

"இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? டைப்பிங் எரர்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. நான் ஃபார்வர்ட் பண்றேன். திங்கக்கிழமை சர்டிபிகேட் வந்துடும்."

"டைப்பிங் எரர் இல்லை சார். விரல் தவறி முப்பத்துநாலு தடவை ராஞ்சின்னு விழாது."

"முப்பத்துநாலை யாரு கேட்டா? வந்திருக்கிறது ஒண்ணுதானே."

"அடுத்த வருஷம் இன்னொரு வீட்டுப் பிள்ளை வரும். அப்பவும் எரர்னு எழுதுறதா? என்ன நடந்துச்சோ அதை எழுதுறேன். மொத்தத்தையும் திருத்தணும்."

"எழுது. அது விசாரணை ஆகும். ஃபைல் போர்ட் பிளேர் போகும். திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகிப் புள்ளை பொறந்துடும். மாசக் கடைசியில உன் காண்ட்ராக்ட் ரின்யூவல் வருது, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கேட்ட கேள்வி, வந்த பதில், நான் புரிந்துகொண்டது, பிறகு தெரிந்தும் விட்டது, எதையும் மறைக்கவில்லை. எழுதி முடித்தபோது என் முதுகு நேராக இருந்தது. பதினைந்து வயதில் நின்ற மாதிரியே நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்கு நடுவே சுக்மனி வந்தார். காலில் தார் ஒட்டியிருந்தது. கடிதத்தை அவருக்கு இந்தியில் படித்துச் சொன்னேன். படே பாபு எழுதச் சொன்ன ஒரு வரிக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அச்சா லிக்கா. நல்லா எழுதியிருக்கே. இது போய் வர எத்தனை நாள்?"

"தெரியலை."

"புதன்கிழமைக்குள்ள வருமா?"

கடிதத்தை மடித்து மேசையில் வைத்தேன்.

"அந்த இன்னொண்ணு? சின்ன லெட்டர்?"

"திங்கள்கிழமை வந்துடும். ஆனா அது பொய்."

சுக்மனி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "மேடம், உனக்குக் கோபம். டீக் ஹை, சரிதான். கோபத்தை வியாழக்கிழமையிலிருந்து வச்சுக்கோ. புதன் வரைக்கும் என் பொண்ணு காரியம்."

என்னை இதற்கு முன் யாரும் இவ்வளவு சரியாக அறைந்ததில்லை. என் மனசைக் கழுவிக்கொள்ள அவர் மகளின் இடத்தைச் சோப்பாகப் பார்த்திருந்தேன். டைப்பிங் எரர் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கள்கிழமை மாலை சான்றிதழ் வந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பேருந்தில் தாயும் மகளும் போர்ட் பிளேர் போனார்கள். புதன்கிழமை மத்தியானம் அனிதா என் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சீட் கிடைத்தது மேடம். அதற்குக் கீழே ஒரு நர்ஸ் பொம்மை.

5

வியாழக்கிழமை காலை அந்த இரண்டு பக்கக் கடிதத்தைப் படே பாபுவின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விட மாட்டே. சரி, ரூலைச் சொல்றேன் கேளு. நீ எழுதித் திருத்த முடியாது. அந்தந்த வீட்டு ஆள் நேர்ல வந்து, எழுதிக் குடுத்துக் கேட்டா, இங்கேயே திருத்தலாம். கூப்பிடு, பார்ப்போம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். வேலைநாளில் இங்கே வந்து நிற்பது என்றால் அன்றைய கூலி போச்சு. ஒரு கட்டத்தில் இருக்கும் ஒரு சொல்லுக்காக யார் வருவார்கள்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சுக்மனிக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் ரோடு ரோலர் சத்தம்.

"பாரிஷ் ஆனே தோ" என்றார். மழை வரட்டும்.

ஒரு வாரம் கழித்து மழை வந்தது. தீவு மழை தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. காலையில் நான் நனைந்து போய்ச் சேர்ந்தபோது அலுவலக வாசலிலிருந்து சாலைவரை வரிசை. குடை, பிளாஸ்டிக் சாக்கு, வாழையிலை. சாலை வேலை நின்றுவிட்டதால் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்னால் சுக்மனி, கையில் தன்னுடையதும் சேர்த்து முப்பத்தொரு மனுக்கள். அனிதா போர்ட் பிளேரிலிருந்து எழுதி அனுப்பியதைப் பார்த்து எல்லோரும் எழுதியிருந்தார்கள். மூன்று வீட்டார் மட்டும் டிக்லிபூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்களாம்.

படே பாபு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். என் ஒப்பந்தக் காகிதம் அவர் மேசையில்தான் கிடந்தது. இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது.

"தொழில்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஆறு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சாலைப் பணி. பாக்குத் தோட்டம், சொந்தம். பள்ளிக்கூடத்தில் சமையல். படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். காட்டிலாகாவில் யானைப் பாகன், ஓய்வு. தையல். ஒவ்வொன்றையும் அடிக்க அடிக்க எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் ஏறியது. இத்தனை வேலையையும் ஒரு பொத்தானை அழுத்தி ஒரே சொல்லாக ஒட்டியிருக்கிறேன்.

முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். பெயர் பீட்டர்.

"தொழில்?"

"ராஞ்சி" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

என் விரல் நின்றது. வரிசையில் சிரிப்பு. "டம்பர் லாரி டிரைவர்" என்றார் பிறகு, தானும் சிரித்து.

"மன்னிச்சிருங்க. இனிமே அந்தச் சொல்லை நான் எங்கேயும் எழுத மாட்டேன். சொல்லவும் மாட்டேன்."

"கியூன்? ஏன் சொல்ல மாட்டே?" அவர் சிரிப்பு நின்றது. "நாங்க ராஞ்சிதான். எங்க சர்ச்சுல, எங்க கல்யாணத்துல நாங்களே அப்படித்தான் சொல்லுவோம். ஆள் ராஞ்சி. வேலை டிரைவர். ரெண்டையும் கலக்காதே, பஸ், அவ்வளவுதான்."

எனக்கு முகம் சுட்டது. அவர்களை என்னவென்று கூப்பிடலாம் என்று முதலில் நான் முடிவு செய்தேன். என்னவென்று கூப்பிடக் கூடாது என்பதையும் இப்போது நானே முடிவு செய்யப் பார்த்தேன். டிரைவர் என்று அடித்தேன்.

"அதைத் திருப்பு" என்றார் பீட்டர்.

"எதை?"

"டிவியை. நீ என்ன எழுதினேன்னு நான் பார்க்கணும்."

கணினித் திரையை வெளியே நிற்பவர்களுக்குக் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒயரை இழுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் ஈர விரலைத் தூக்கி, கண்ணாடியில் தொடாமல், எழுத்து எழுத்தாகப் படித்தார். இரண்டு முறை.

"சரி. இப்ப சேவ் பண்ணு."

சேவ் செய்தேன். அடுத்தவரைக் கூப்பிடத் தலையைத் தூக்கினேன். அதுவரை சொல்லிவிட்டுப் போய் வாசலில் ஒதுங்கி நின்ற பன்னிரண்டு பேரும் தங்களுடையதைப் பார்க்கத் திரும்பி வந்து, மழையில், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்கள்.